கடல் இல்லாத மாவட்டத்தில் புயல்: பேரிடர்ச் சட்டமும் நிவாரணமும் குறித்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பிறகும் அவசரமில்லாமல் உள்நாட்டுக்குள் நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை கொட்டியது. ஊத்தங்கரையில் ஏரி நிறைந்து வழிந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அதன் பிறகு வட்டாட்சியர் அலுவலக வாசல்களிலும் டீக்கடைகளிலும் எழுந்த கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன. மழை பெய்யும்போது எடுக்கும் முடிவுகளைவிட, வானம் வெளுத்திருக்கும்போது அடங்கலிலும் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு) கிராம சபைத் தீர்மானத்திலும் எழுதப்படும் வரிகளே உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இங்கேதான் வந்து முட்டும்.

நம்முடையது வறட்சி மாவட்டம். வெள்ளத்துக்கெல்லாம் தயாராக வேண்டுமா?

வறட்சி மாவட்டம் என்பதால்தான் வெள்ளம் இங்கே அதிகம் உடைக்கிறது. ஆண்டுக் கணக்கில் தண்ணீர் வராத ஓடையில் தென்னை வைக்கிறோம், கடை கட்டுகிறோம், பஸ் நிறுத்துகிறோம். வரத்துக் கால்வாய் இருந்த இடமே தெரியாமல் போய்விடுகிறது. சட்டமும் அதற்கேற்பத் தூங்குகிறது. கடலோர மாவட்டங்களில் உள்ள புயல் பாதுகாப்பு மையங்களும் ஒத்திகைகளும் இங்கே பழக்கத்திலேயே இல்லை. எச்சரிக்கை வந்தாலும் ‘அது கடலூருக்கு’ என்று நினைத்துக்கொள்கிறோம். தமிழக அரசின் டி.என். அலர்ட் செயலி உங்கள் இடத்துக்கான எச்சரிக்கையைத் தமிழிலேயே தருகிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

பேரிடர் வந்தால் சட்டப்படி யார் பொறுப்பு?

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்டு. மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர். மீட்பும் நிவாரணமும் மட்டுமல்ல, முன்தடுப்பும் அதன் கடமை. பிரிவு 31 மாவட்டத்துக்கு ஒரு திட்டம் எழுதச் சொல்கிறது. எந்தப் பகுதி எளிதில் பாதிக்கப்படும், யார் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். பிரிவு 41 உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கடமைகளை வகுக்கிறது.

இங்கே ஓர் ஓட்டை. நம் இரு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. எந்தத் தெருவில் படுக்கையாகக் கிடக்கும் பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் அலுவலருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துவதும் பேரிடர்க் கொள்கைதான் என்று நான் நினைக்கிறேன்.

மாவட்டத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா?

முடியும். அது பொது ஆவணம். மாவட்ட இணையதளத்தில் பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். கைக்கு வந்ததும் முதலில் உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். 2024 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பட்டியல் மாறியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

பயிர் சேதத்துக்கு எவ்வளவு கிடைக்கும்?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த 2022–26 காலத்துக்கான அளவுகோல் இது: 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், இறவைப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உச்சவரம்பு இரண்டு ஹெக்டேர். ஃபெஞ்சலுக்குத் தமிழக அரசு அறிவித்ததும் இதே தொகைகள்தான்.

ஹெக்டேர் என்றதும் பெரிதாகத் தெரியும். ஏக்கருக்கு மாற்றினால் மானாவாரிக்கு ஏறக்குறைய 3,440, இறவைக்கு 6,880, மாந்தோப்புக்கு 9,100. இது இழப்பீடு அல்ல, மறுபடி விதைக்கக் கைகொடுக்கும் உதவி. அளவுகோலிலேயே ‘இடுபொருள் மானியம்’ என்றுதான் பெயர் போட்டிருக்கிறார்கள். முழு இழப்பும் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்து அலைபவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

கணக்கெடுப்புப் படிவத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், மானாவாரியா இறவையா, சேத சதவீதம் என்று கட்டங்கள். இதில் பயிர் என்ற கட்டம் அடங்கலைப் பார்த்தே நிரப்பப்படும். அரூர் பக்கம் மரவள்ளி நட்டவருடைய அடங்கலில் போன ஆண்டின் ‘தரிசு’ அப்படியே கிடந்தால், நிலத்தில் கிழங்கு அழுகிக் கிடந்தாலும் காகிதத்தில் அவர் எதையும் இழக்கவில்லை. கிணற்றுப் பாசனம் செய்பவரை மானாவாரி என்று எழுதினால் தொகை சரிபாதியாகிவிடும். 33 என்ற எண்ணும் அப்படித்தான். 30 சதவீதம் என்று எழுதப்பட்டால் ஒரு ரூபாயும் வராது. ஆகவே விதைத்த மாதத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த நிலத்தை எல்லைக்கல்லோ கிணறோ தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வேளாண் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்துதான் கணக்கெடுக்கின்றன. அவர்கள் வரும் நாளில் நீங்களும் வயலில் நில்லுங்கள்.

வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்திருந்தால் அதை அகற்றத் தனியாக ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் வரை உண்டு. ஆற்றோர நிலங்களில் இதைக் கேட்பவர்களே குறைவு. மல்பெரித் தோட்டத்துக்கு ஹெக்டேருக்கு 6,000 என்று வேறு கணக்கு.

பயிர்க் காப்பீடு செய்திருக்கிறேன். அதுவும் வருமா?

இரண்டும் வேறு வேறு. ஒன்று வாங்கினால் மற்றது போய்விடாது. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் பொதுவாக ஒரு பகுதியின் சராசரி மகசூலைக் கொண்டே இழப்பீடு முடிவாகும். ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு போன்று ஓரிரு வயல்களை மட்டும் தாக்கும் இடர் என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அழைக்க வேண்டிய எண் 14447. மின்சாரமும் செல்போன் கோபுரமும் படுத்துவிட்ட ஊரில் 72 மணி நேரம் என்பது எவ்வளவு குறைவு என்று விதி எழுதியவர்கள் யோசித்திருக்கலாம்.

நிலம் என்னுடையதல்ல, வாரத்துக்கு உழுகிறேன். பணம் யாருக்குப் போகும்?

பெரும்பாலும் பட்டாதாரர் கணக்குக்குத்தான். விதையும் உரமும் கூலியும் போட்டவர் வேடிக்கை பார்க்க, பெங்களூரில் வேலை பார்க்கும் நில உரிமையாளரின் வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு கேட்டால் நிலத்தையே பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை. உரிமையாளரும் ‘நாளைக்கு நிலம் என்னது என்பான்’ என்று தருவதில்லை. குத்தகை உரிமையைத் தொடாமல், அந்தப் பருவத்தில் சாகுபடி செய்தவர் யார் என்பதை மட்டும் பதிந்து, அந்தப் பதிவுக்கு நிவாரணம் தரும் ஏற்பாடு வேண்டும். இப்போதைக்குச் செய்யக்கூடியது, அடங்கலில் சாகுபடியாளர் பெயரை எழுதும்படி உரிமையாளரின் சம்மதத்தோடு கேட்பது. சம்மதம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று போதும்.

மாடு, ஆடு, வீடு?

அதே 2022–26 அளவுகோலின்படி பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை மாடு மூன்று வரைதான். கால்நடை மருத்துவரின் பரிசோதனைச் சான்று இல்லாமல் எதுவும் நகராது. நாற்றம் தாங்காமல் அவசரப்பட்டுப் புதைத்துவிட்டுப் பிறகு மனு எழுதுபவர்கள் நிறைய. மருத்துவர் வருவதற்குள் புதைக்க நேர்ந்தால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவலாவது சொல்லிவிட்டுப் புதையுங்கள்.

குடிசைக்கு அளவுகோல் 8,000 ரூபாய். ஃபெஞ்சலில் மாநில அரசு அதை 10,000 ஆக்கியது. முழுவதும் இடிந்த வீட்டுக்கு அளவுகோலின்படி சமவெளியில் 1,20,000, மலைப்பகுதியில் 1,30,000. பகுதிச் சேதம் என்றால் குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருக்க வேண்டும். உயிரிழப்புக்கு அளவுகோல் 4 லட்சம். ஃபெஞ்சலுக்கு மாநிலம் அறிவித்தது 5 லட்சம்.

என் வேன் அடித்துச் செல்லப்பட்டது. அரசு தருமா?

தராது. வாகனத்துக்கு நிவாரண அளவுகோலில் இடமே இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவருக்கும் ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு எடுத்தவருக்கே வழி உண்டு. அவர்களும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். எஞ்சினுக்குள் நீர் ஏறிய பிறகு முடுக்கினால், சேதத்துக்கு நீங்களே காரணம் என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும்.

மற்ற மாவட்டத்துக்கு 2,000 ரூபாய் அறிவித்தார்கள், நமக்கு ஏன் இல்லை?

2024 டிசம்பர் 3 அறிவிப்பில் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்பது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கென்று சொல்லப்பட்டது. பயிர், வீடு, கால்நடை உதவிகள் அளவுகோலின்படி வருபவை. குடும்பத் தொகையோ அரசு தன் விருப்பப்படி முடிவு செய்வது. இதற்கு எழுதப்பட்ட விதி கிடையாது என்பதுதான் சிக்கல். 50 செ.மீ. மழை பெய்த ஊருக்கு ஏன் இல்லை என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு சட்டப் பிரிவும் இல்லை. இத்தனை செ.மீ. மழை, இத்தனை நாள் வேலை இழப்பு என்று முன்கூட்டியே அரசாணையில் எழுதி வைத்தால், மாவட்ட எல்லைக்கோடும் அரசியல் செல்வாக்கும் இதில் தலையிடாது.

‘தேசியப் பேரிடர்’ என்று அறிவித்தால் கூடுதல் பணம் வரும் என்கிறார்களே?

அப்படி அறிவிக்கும் ஏற்பாடே சட்டத்தில் இல்லை. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இந்தக் கோரிக்கை எழுகிறது, அதே பதில் வருகிறது. உள்ளது ‘கடுமையான தன்மை கொண்ட பேரிடர்’ என்ற நிர்வாக வகைப்பாடுதான். மாநிலப் பேரிடர் நிதியில் நூற்றுக்கு 75 மத்திய அரசு, 25 மாநில அரசு. ஃபெஞ்சலுக்குப் பிறகு, டிசம்பர் 6 அன்று தமிழகத்துக்கு விடுவிக்கப்பட்ட 944.80 கோடி ரூபாய் அந்த மத்தியப் பங்கின் இரண்டு தவணைகள். எப்படியும் வர வேண்டிய பணம்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை. 15ஆவது நிதிக்குழு பேரிடர் நிதியைப் பிரித்தபோது 20 சதவீதத்தைத் தணிப்புக்கு, அதாவது முன்கூட்டியே ஆபத்தைக் குறைக்கும் வேலைகளுக்கு ஒதுக்கியது. மீட்சிக்கும் மறுகட்டமைப்புக்கும் 30. நிவாரணத்துக்கு 40. மீதி 10 ஆயத்தப் பணிகளுக்கு. நிவாரணம் கேட்டுச் சாலை மறியல் செய்கிறோம். தணிப்பு நிதியில் நம் ஏரிக்கு எவ்வளவு வந்தது என்று ஒரு மனுவாவது போயிருக்கிறதா?

ஏரி ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் இருக்கிறதா?

தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பிரிட்டிஷ் காலத்தது. பிரிவு 7 நோட்டீஸ், பிரிவு 6 வெளியேற்றம் என்ற நடைமுறையை வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தர்கூட மனப்பாடமாகச் சொல்வார். 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. எல்.கிருஷ்ணன் வழக்கில் 2005இல் சென்னை உயர் நீதிமன்றமும், ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றமும் நீர்நிலை, பொது நிலம் பற்றித் தெளிவாகவே பேசிவிட்டன.

பிறகு ஏன் நடப்பதில்லை? முதல் காரணம், ஏரி யாருடையது என்பதே பல ஊர்களில் குழப்பம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளது நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடம். நிலமோ வருவாய்த் துறைக் கணக்கில். ஒரு மனு மூன்று மேசைகளைச் சுற்றி முடிப்பதற்குள் அடுத்த வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். 2007 சட்டமும் பொதுப்பணித் துறைப் பொறுப்பிலிருந்த ஏரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டதே. இரண்டாவது, அளந்து கல் நடாத ஏரிக்கு எல்லை இல்லை. மூன்றாவது காரணம் சங்கடமானது. கரையில் குடிசை போட்டிருப்பவர் நிலமற்ற கூலித் தொழிலாளி. வரத்துக் கால்வாயை மூடி மனை போட்டவர் செல்வாக்குள்ளவர். ஜே.சி.பி. முதலில் குடிசைக்குத்தான் வருகிறது. ஏரி நிறைந்து கலங்கலில் (உபரிநீர் வெளியேறும் இடம்) வழியும்போது தண்ணீரை ஊருக்குள் திருப்பிவிடுவதோ அடைபட்ட வாய்க்கால்.

ஆகவே கிராம சபையில் ‘ஆக்கிரமிப்பை அகற்றுக’ என்று பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் போடாதீர்கள். இன்ன புல எண்ணில் உள்ள ஏரியின் வரத்துக் கால்வாயையும் உபரிநீர் வாய்க்காலையும் புலப்படத்தின்படி அளந்து கல் நட வேண்டும், குடியிருப்போருக்கு முதலில் மாற்று இடம் தர வேண்டும் என்று எழுதுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். மார்ச் 22 கூட்டத்தில் போட்டால் வேலைக்குக் கோடைக்காலம் கிடைக்கும். அக்டோபரில் போட்டால் மழைதான் கிடைக்கும்.

அணை திறப்பைப் பற்றி எங்களுக்கு முன்பே தெரிய வேண்டாமா?

தெரிய வேண்டும். 2017 நவம்பர் 29 அன்று கிருஷ்ணகிரி அணையின் முதல் மதகு உடைந்து தென்பெண்ணைக் கரை கிராமங்கள் அலறியடித்துக்கொண்டு எழுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. 1957இல் கட்டி முடித்த அணை அது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்வதைக் கட்டாயமாக்குகிறது. ஒவ்வொரு அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் எழுதச் சட்டம் அமலுக்கு வந்த 2021 டிசம்பர் 30 முதல் ஐந்து ஆண்டு அவகாசம். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வந்து சேரும் என்பது அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும். காவேரிப்பட்டணத்தில் ஆற்றோரம் குடியிருப்பவர் கையில் அந்தப் பக்கம் மட்டுமாவது தமிழில் இருப்பது நல்லது.

ஒகேனக்கல்லில் நீர்வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடுகிறார்கள். சரியான முடிவு. ஆனால் தடை வாரக்கணக்கில் நீளும்போது பரிசல் ஓட்டிகளின் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்பதற்குக் கொள்கை எதுவும் இல்லை. கடலில் மீன்பிடித் தடைக்காலத்துக்கு உதவித்தொகை தருகிறோம். ஆற்றில் தடை விதித்தாலும் அதே நியாயம்தானே?

மலைக் கிராமத்துக்குச் சாலை கேட்டால் ‘வனத்துறை நிலம்’ என்கிறார்கள்.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு எந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன படங்களைத் தேர்தல்தோறும் பார்த்திருப்பீர்கள். சாலை இல்லாத இடத்துக்கு மீட்புக் குழுவும் அப்படித்தான் போக வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), சாலை, குடிநீர், பள்ளி, மருந்தகம் உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வனநிலத்தைத் தர வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். சட்டம் மலைவாசிகளின் கையில் கொடுத்திருக்கும் மிக எளிய சாவி இதுதான், கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் அது திரும்பாது.

மழையே இல்லாவிட்டால்?

வறட்சியும் பேரிடர்தான். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு சுவராஜ் அபியான் வழக்கில், வறட்சியை அறிவிக்கத் தயங்கிய மாநிலங்களை உச்ச நீதிமன்றம் கண்டித்திருந்தது. மழையளவு, மண் ஈரம், பயிர் நிலை, நீர்த்தேக்கம் ஆகியவற்றைக் குறியீடுகளாகக் கொண்ட கையேடும் 2016இல் வந்தது. வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்ததால் வெயிலில் இறந்தவரின் குடும்பத்துக்கும் 4 லட்சம் கிடைக்க வழி பிறந்தது. ஆனால் மரணச் சான்றில் வெறும் ‘மாரடைப்பு’ என்று எழுதியிருந்தால் வாதாட முடியாது.

பட்டாசு வெடி விபத்து இதில் சேருமா?

சேரும். சட்டத்தின் விளக்கத்தில் மனிதரால் நேரும் பேரிடரும் உண்டு. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ஒசூரை அடுத்த அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது இறந்தவர்களில் அரூர் பக்கத்து இளைஞர்கள் பலர், தீபாவளிக் காலக் கூலிக்குப் போனவர்கள். முதல்வர் அறிவிக்கும் தொகையோடு விவகாரம் முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வேலை செய்த இடத்தில் இறந்தால் முதலாளி தர வேண்டிய இழப்பீடு தனி, 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்படி அக்கம்பக்கத்தாருக்கு வர வேண்டியது தனி.

ஒசூருக்குத் தனி ஏற்பாடு உண்டா?

2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மாநகராட்சி உள்ள நகரங்களுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு வழி திறந்திருக்கிறது. 2019 முதல் ஒசூர் மாநகராட்சி என்பதால் அதற்குத் தகுதி உண்டு. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் நகராட்சிகளாக இருப்பதால் பழைய ஏற்பாடுதான். ஒசூரில் ரேஷன் அட்டை இல்லாத வடமாநிலத் தொழிலாளர்கள் ஏராளம். நிவாரணத்தில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்க்கக்கூடாது என்று பிரிவு 61 சொல்கிறது. ஆனால் ரேஷன் அட்டையை வைத்தே வழங்கும் நிவாரணம் அவர்களைத் தானாகவே வெளியே நிறுத்திவிடுகிறது.

வங்கிக் கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாமா?

பேரிடர்ச் சட்டத்தின் பிரிவு 13 கடன் திருப்பிச் செலுத்துவதில் சலுகை தரப் பரிந்துரைக்கும் அதிகாரத்தைத் தேசிய ஆணையத்துக்குத் தந்திருந்தது. வயநாடு நிலச்சரிவுக் குடும்பங்களின் கடன் பற்றிக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, அந்தப் பிரிவு 2025 திருத்தத்தில் நீக்கப்பட்டது. மக்களுக்கு உதவிய ஒரு பிரிவை எடுத்துவிட்டு அதைச் சீர்திருத்தம் என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதல்ல. மீதமிருப்பது கடன் மறுசீரமைப்பு. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கியின் 2018 வழிகாட்டுதல் இடம் தந்தது. வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கேட்டு ஒப்புகை வாங்குங்கள். தவணை தவறிய பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

என் பெயர் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. யாரிடம் போவது?

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பயிர் விவகாரம் என்றால் மாதாந்தர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டமும் உண்டு. அங்கே பேசியது கூட்டக் குறிப்பில் ஏறும். முதல்வரின் உதவி எண் 1100. பேரிடர்ச் சட்டத்தின் கீழ் எடுத்த நடவடிக்கையைப் பிரிவு 71 காரணமாகக் கீழ் நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது, உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

அதற்குப் பணம் ஏது என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12, வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தரச் சொல்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகங்களிலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகங்கள் உள்ளன. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது மனு ரசீது, அடங்கல் நகல், தேதியுள்ள படங்கள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.